ஆங்கில இலக்கணத்தில் பெயரும் வினையும் – ஒரு வரலாறு

பெயர்ச்சொல் என்பது ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர். வினைச்சொல் என்பது செயலைக் குறிப்பது. ஆங்கிலம் கற்கும் மாணவர் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். ஆனால் பழைய இலக்கணிகள் பொருளைவிடச் சொல்லின் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம், வேற்றுமை ஏற்பது பெயர், வேற்றுமை ஏற்காமல் காலம் காட்டுவது வினை என்கிறது. தொல்காப்பியமும் வினைக்கு இவ்விரு அடையாளங்களையே கூறுவது குறிப்பிடத்தக்கது.

பழைய ஆங்கிலத்துக்கும் இந்த விளக்கம் பொருந்தியது. அம்மொழியில் 'ஸ்டான்' என்றால் கல். 'ஸ்டானெஸ்' என்றால் கல்லின். 'ஸ்டானும்' என்றால் கற்களுக்கு. அன்பு என்னும் பெயர் 'லுஃபு', அன்பு செய்தல் என்னும் வினை 'லுஃபியன்'. கி.பி. 1000-ஐ ஒட்டி எல்ஃப்ரிக் என்ற துறவி சிறுவர்களுக்காக லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது, பெயரை 'நாமா' என்றும் வினையை 'வோர்ட்' என்றும் அழைத்தார்.

பின்வந்த சில நூற்றாண்டுகளில் இவ்விகுதிகளில் பெரும்பாலானவை தேய்ந்து போயின. 'லுஃபு', 'லுஃபியன்' இரண்டும் 'லவ்' என்ற ஒரே சொல்லாயின. தமிழிலும் 'அடி', 'வெட்டு' போன்றவை பெயராகவும் வினையாகவும் வரும். ஆயினும் 'அடியை' என்றால் பெயர், 'அடித்தான்' என்றால் வினை என்று விகுதி காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த உதவி பெரிதும் குறைந்துவிட்டது.

மொழி மாறியும் இலக்கண நூல்கள் மாறவில்லை. 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட முதல் ஆங்கில இலக்கணம், அன்று பள்ளிகளில் வழங்கிய லில்லியின் லத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. வடிவம் மாறாத ஆங்கிலப் பெயருக்கும் அவர் லத்தீன் முறையில் வேற்றுமைகள் வகுத்தார்.

இதை வெளிப்படையாக எதிர்த்தவர் ஜான் வாலிஸ். 1653இல் வந்த தம் நூலில், லத்தீன் விதிகளை ஆங்கிலத்தின் மேல் சுமத்துவது வீண் குழப்பம் என்றார். ஆங்கில வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என்னும் இரண்டே காலங்கள் உண்டு என்றும் எழுதினார். எதிர்காலத்துக்குத் தனி விகுதி இல்லாமல் துணைவினை கொண்டே கூறுவதால் இது சரியே. முடிவிலிக் குறியைக் கணிதத்துக்குத் தந்தவரும் இவரே. ஆங்கிலத்தின் தனித்தன்மையை வலியுறுத்திய அந்நூலை அவர் லத்தீனில் எழுதியதுதான் வேடிக்கை!

வாலிஸின் கருத்து பள்ளிகளில் நிலைக்கவில்லை. 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய நூல், நெடுங்காலம் பெயரின் ஒரு வகையாக எண்ணப்பட்டு வந்த பெயரடையைத் தனிச் சொல்வகையாகக் கொண்டது. 1795இல் லிண்ட்லி மரே யார்க் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய இலக்கணம், பெயருக்கு மூன்று வேற்றுமையும் வினைக்கு ஆறு காலமும் வகுத்துப் பல பதிப்புகள் கண்டது. இந்தியப் பள்ளிகளில் புகழ்பெற்ற ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் இந்தப் பழைய மரபில் வந்ததே.

1952இல் அமெரிக்கரான சார்லஸ் ஃப்ரைஸ், பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து, பெயர், வினை என்ற பெயர்களையே விலக்கிச் சொற்களுக்கு எண்ணிட்டார். வாக்கியத்தில் ஒரு சொல் எந்த இடத்தில் நிற்க முடியும் என்பதே அவரது அளவுகோல். 'தி' என்பதை அடுத்து வந்தால் 'வாட்டர்' நீர். 'டு' என்பதை அடுத்து வினையாக வந்தால் நீர் ஊற்றுதல். அவர் இட்ட எண்கள் வகுப்பறைக்கு வரவில்லை. பழைய பெயர்களே தொடர்கின்றன.