துவிச்சக்கர வண்டியும் காலநிலை மாற்றமும்: கொழும்பு மறந்துவிட்ட பாடம்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கொழும்பு மாநகரின் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. ஜூன் 27ஆம் திகதி நள்ளிரவு முதல் ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒக்டேன் 92 ரகப் பெற்றோல், ஆறு மாதங்களுக்குள் 470 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களின் வாசலில் நாட்கணக்கில் காத்திருந்தோர் சிலர், வரிசையிலேயே மயங்கி வீழ்ந்து உயிரிழந்த துயரமும் நிகழ்ந்தது.

அந்நாட்களில்தான் கொழும்பு நகரம் துவிச்சக்கர வண்டியை மீண்டும் கண்டுகொண்டது. டாம் வீதியிலுள்ள சைக்கிள் கடைகளில் கூட்டம் நிரம்பியது. களஞ்சிய அறைகளில் துருப்பிடித்துக் கிடந்த பழைய 'லுமாலா' வண்டிகள் தூசு தட்டப்பட்டன. கழுத்துப்பட்டி அணிந்த அலுவலர்களும் வங்கி ஊழியர்களும் காலி வீதியில் சைக்கிள் மிதித்துச் சென்றார்கள். அதனை எவரும் ஏளனமாக நோக்கவில்லை.

ஆனால், அந்த மாற்றம் நீடிக்கவில்லை. 2022 ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறை வரிசைகளைக் குறைத்தது. 2023 செப்டெம்பரில் அம்முறையும் நீக்கப்பட்டது. 2020 மார்ச் முதல் தடைப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சைக்கிள்கள் மறுபடியும் களஞ்சிய அறைக்குள் சென்றுவிட்டன. நெருக்கடி கற்பித்த பாடத்தை நெருக்கடியோடு சேர்த்தே நாம் மறந்துவிட்டோமா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

காலநிலையும் நமது வாசற்படியும்

காலநிலை மாற்றம் என்றதும் துருவப் பனி உருகுவதும் தொலைதூர நாடுகளின் மாநாடுகளுமே பலரது நினைவுக்கு வருகின்றன. அது நமது வாசற்படிக்கு வந்து பல காலமாகிவிட்டது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை முதலிய பகுதிகளில் கூரைவரை நீர் ஏறியது. அதே நாட்களில் அரநாயக்கவில் மலைச்சரிவு கிராமங்களை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஒரு தனிப் புயலுக்கு இதுவே காரணம் என எளிதில் கூறிவிட முடியாது. எனினும், காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது அதனால் தாங்கிக்கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 வீதத்தால் அதிகரிக்கின்றது என்பது பௌதிகவியல் விதி. பூமியோ கைத்தொழில் யுகத்துக்கு முன்னிருந்ததைவிட ஒரு பாகைக்கு மேல் ஏற்கெனவே வெப்பமடைந்துவிட்டது. மழை பெய்யும்போது அது பேய்மழையாகப் பெய்வதன் காரணம் இதில் அடங்கியிருக்கின்றது.

இலங்கை 2016இல் பரிஸ் உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றத்தை 2030ஆம் ஆண்டளவில் 14.5 வீதத்தால் குறைப்பதாக 2021இல் உலகுக்கு வாக்களித்தது. அதில் 4 வீதம் நாமே நமது முயற்சியால் செய்வதாகக் கூறியது. எஞ்சியது வெளிநாட்டு உதவியில் தங்கியுள்ளது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் நமது பங்கு மிகச் சிறியது என்பது உண்மையே. பெரும் நாடுகள் செய்த தவறுக்கு நாம் ஏன் சைக்கிள் மிதிக்க வேண்டும் எனச் சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு துளி மசகு எண்ணெயையும் சொந்த மண்ணில் எடுக்காத நாடு நமது நாடு. நாம் எரிக்கும் ஒவ்வொரு லீற்றரும் டொலர் கொடுத்து வாங்கப்படுவது. ஆகவே உலகுக்காகச் செய்யாவிடினும், நமது சட்டைப்பைக்காகவேனும் இதனைச் செய்தாக வேண்டியுள்ளது.

ஒரு சிறு கணக்கு

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலை 2 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. காலையில் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதும், பிற்பகலில் சென்று அழைத்து வருவதுமாக நாளொன்றுக்கு 8 கிலோமீற்றர் ஓடுகின்றது. நகர நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என வைத்துக்கொண்டால் நாளாந்தம் 0.8 லீற்றர் பெற்றோல் செலவாகும். ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள் எனக் கொண்டால் 160 லீற்றர். லீற்றருக்கு 300 ரூபா என மதிப்பிட்டாலும் 48,000 ரூபா.

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. அவ்வாறாயின் இந்தப் பாடசாலைப் பயணம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 368 கிலோகிராம் வாயுவை வளிமண்டலத்தில் சேர்க்கின்றது. ஒரு தொடர்மாடி வீதியில் இத்தகைய நூறு குடும்பங்கள் இருந்தால் 16,000 லீற்றர் பெற்றோலும் ஏறக்குறைய 37 தொன் காபனீரொட்சைட்டும் எனக் கணக்கு விரியும். மருந்தகம், சந்தை, தனியார் வகுப்பு, கோயில், பள்ளிவாசல் எனச் செல்லும் சிறு பயணங்களையும் கூட்டினால் தொகை மேலும் பெருகும். இவை பெரும்பாலும் மூன்று கிலோமீற்றருக்கு உட்பட்டவை. ஆறுதலாக மிதித்தாலும் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடக்கூடியவை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கின்றது. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாட்கள். கூட்டிப் பார்த்தால் 150. நீரிழிவும் இருதய நோயும் மலிந்துவிட்ட நமது வீடுகளுக்கு இது காசில்லாத மருந்து.

நமக்குப் புதியதல்ல

சைக்கிள் நமது மக்களுக்கு அந்நியமான பொருளன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைந்தபடி ஓடின. மற்றெல்லாப் பயணங்களையும் சுமந்தது சைக்கிளே. விறகு, நெல், நோயாளி, மணப்பெண் என அது ஏற்றாதது எதுவுமில்லை. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். ஆசிரியைகளும் மாணவிகளும் தாதியரும் தயக்கமின்றிச் சைக்கிள் ஓடினார்கள்.

அந்தக் காலத்தை நாம் கொண்டாட முற்படவில்லை. அது வலியின் காலம். சைக்கிள் அன்று தெரிவாக இருக்கவில்லை, நிர்ப்பந்தமாகவே இருந்தது. ஆனால் அவ்வாறு பழகிய மக்களில் கணிசமானோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியபின் சைக்கிளைத் தொடுவதேயில்லை. அது ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் கொழும்பில் நம்மைப் பற்றிக்கொண்டது. மீன் பெட்டியுடன் வருபவரும் பத்திரிகை விநியோகிப்பவரும் உணவுப் பொதி கொண்டுவரும் இளைஞரும் மட்டுமே மிதிக்க வேண்டிய வாகனமாக அதனை ஒதுக்கிவைத்தோம். மானத்தை வாகனத்தின் சில்லுகளைக் கொண்டு எண்ணும் இந்த மனப்பாங்கே முதலில் மாற வேண்டியது.

தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஓர் அங்கமாகக் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓடக் கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் தொழிலாளிகள் முதல் ஆசிரியைகள் வரை ஆயிரக்கணக்கானோர், முஸ்லிம் பெண்களும் உட்பட, வீதிக்கு வந்தார்கள். கேலி செய்தோர் சில மாதங்களில் ஓய்ந்தனர். எழுத்தறிவோடு நடமாடும் சுதந்திரமும் அவர்களுக்குக் கிட்டியது.

தனிமனிதர் மட்டும் போதாது

அதேவேளை, மனம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என நாம் கூறத் துணியவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். காலி வீதியில் போட்டி போட்டு ஓடும் தனியார் பஸ்களுக்கு இடையே தன் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பத் தயங்கும் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. அங்கு வீதிகள் ஒடுங்கியவை. துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லொறிகள் வட கொழும்பெங்கும் நெரிக்கின்றன. வெள்ளவத்தைக்கு மரைன் டிரைவ் என்னும் சமதளமான கடற்கரை வீதியாவது உண்டு. கொட்டாஞ்சேனைக்கு அதுவும் இல்லை. எனவே ஒரே திட்டத்தை இரு இடங்களுக்கும் பொருத்த முடியாது.

நெதர்லாந்தும் ஒரு காலத்தில் கார்களின் நாடாகவே மாறிக்கொண்டிருந்தது. 1971இல் அங்கு வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதிக்கிறங்கிப் போராடினர். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் மூண்ட போரை அடுத்து அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, அந்நாட்டு அரசாங்கம் நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டுவதைத் தடைசெய்தது. தடை சில மாதங்களில் நீங்கியது. ஆனால் அவர்கள் பாடத்தை மறக்கவில்லை. பல தசாப்தங்களாகச் சைக்கிள் பாதைகளை அமைத்தார்கள். இன்று அங்கு நடைபெறும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடைபெறுகின்றது. அவர்களுக்கும் நமக்கும் நேர்ந்த நெருக்கடி ஒன்றே. அதன்பின் செய்தவையே வேறுபடுகின்றன.

செல்வந்த நாடுகளுக்கே இது இயலும் என்பதும் சரியன்று. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு காலைகளில் பிரதான வீதிகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டு மக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. இப்போது 120 கிலோமீற்றருக்கும் அதிகமான வீதிகள் இவ்வாறு திறக்கப்படுகின்றன. இதற்குச் சீமெந்தும் தாரும் தேவைப்படவில்லை. தடுப்புகளும் தொண்டர்களும் ஓர் உறுதியான தீர்மானமுமே தேவைப்பட்டன.

நாம் எங்கிருந்து தொடங்கலாம்?

மாநகர சபை மரைன் டிரைவின் ஓரத்தில் கோடு மட்டும் கீறாது, வாகனம் ஏற முடியாத தடுப்புடன் கூடிய சைக்கிள் பாதையைப் பிரித்துத் தரலாம். கொட்டாஞ்சேனையில் பாடசாலை தொடங்கும், முடியும் வேளைகளில் கொள்கலன் லொறிகளைக் கட்டுப்படுத்துவதே முதற்படி. தொடர்மாடிகளுக்கு அனுமதி வழங்கும்போது வாகனத் தரிப்பிடம் கேட்பதுபோல் சைக்கிள் தரிப்பிடமும் கேட்கப்பட வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். பாடசாலைகளும் புகையிரத நிலையங்களும் பூட்டிவைக்கக்கூடிய கொட்டில்களை அமைத்தால் திருட்டுப் பயம் பாதி குறையும்.

வழிபாட்டுத் தலங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் பள்ளிவாசல்களைச் சுற்றியும், திருவிழாக் காலங்களில் கோயில்களையும் தேவாலயங்களையும் சுற்றியும் வாகனங்கள் வீதியை அடைப்பதை நாம் காண்கின்றோம். வுழூச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாது என்பது இஸ்லாத்தின் போதனை. இயற்கையை இறைவடிவாகக் காண்பது சைவ மரபு. அருகில் வசிப்போர் நடந்தோ சைக்கிளிலோ வருமாறு மேடையிலிருந்து ஒரு வார்த்தை கூறப்பட்டால், அதற்கு எந்த அரசாங்கச் சுற்றறிக்கைக்கும் இல்லாத வலு இருக்கும்.

சைக்கிள் ஒன்றே பூமியைக் காத்துவிடும் என நாம் கூறவில்லை. நல்ல பஸ் சேவையும் நேரத்துக்கு ஓடும் புகையிரதமும் இன்றி நீண்ட பயணங்களுக்குத் தீர்வில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் வாகனம் அவசியம். ஆனால் மூன்று கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்தை மிதித்துச் செல்லக்கூடிய ஒருவர், அதனை எரித்துச் செல்வதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னொரு எரிபொருள் நெருக்கடி வராது என எவராலும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொரு பெருவெள்ளம் வரும் என்பதை அஞ்சியே சொல்ல வேண்டியுள்ளது. வரிசையில் நின்று கற்ற பாடத்தை வரிசை இல்லாத நாளில் கடைப்பிடிப்பதே விவேகம். களஞ்சிய அறையில் கிடக்கும் அந்தச் சைக்கிளின் சங்கிலிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணெய் இடுவோமாக.