துணைப் பயிற்றுநர் பரத் அருண்

துடுப்பாட்ட வரலாற்றை எழுதுவோர் அணித்தலைவர்களையும் சதமடித்தோரையும் பற்றியே பெரிதும் எழுதுவர். பந்துவீச்சுப் பயிற்றுநருக்கு அவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் அடிக்குறிப்பளவினதே. தமிழ்நாட்டின் பரத் அருண் அவ்வளவில் விட்டுவிடத்தக்கவர் அல்லர்.

ஆட்டவீரராக அவர் அடைந்தது சிறிதே. 1986-87 பருவத்தில் இலங்கைக்கெதிராக ஆடிய இரண்டு ரெஸ்ற் போட்டிகளில் 4 விக்கெற்றுகள். அவற்றுடன் ரெஸ்ற் வாழ்வு முடிந்தது. 1987-88இல் ரஞ்சிக் கிண்ணம் வென்ற தமிழ்நாட்டு அணியில் அவரும் ஒருவர். 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றபோது அவரே பயிற்றுநர்.

2014இல் இந்தியத் தேசிய அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். தலைமை மாறினால் துணைவனும் பெயர வேண்டும் என்பது இப்பதவியின் விதி. 2016இல் ரவி சாஸ்திரியின் காலம் முடிய, அருணின் காலமும் முடிந்தது. 2017இல் சாஸ்திரி தலைமைப் பயிற்றுநராக மீண்டபோது ஆலோசனைக் குழு சாகிர் கானின் பெயரை முன்வைத்திருந்தது. சாஸ்திரியோ அருணையே வற்புறுத்திப் பெற்றார். இதனை நட்பின் சலுகையெனக் கொள்ளல் எளிது. ஆயின் 2018 சனவரியில் தென்னாபிரிக்காவில், தொடரை இழந்தபோதும், மூன்று போட்டிகளிலும் எதிரணியின் இருபது விக்கெற்றுகளையும் இந்தியா வீழ்த்தியமை வேறு கதை கூறும்.

அவர் திறன் முழுமையாக வெளிப்பட்டது 2020-21 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலேயே. ஸ்மித்தும் லபுஷேனும் ஓட்டங்களைப் பெரிதும் ஈட்டுவது வலப்புறத்தில் என்பதால், அப்புறத்தை அடைத்துவிட்டு, விக்கெற்றுக்கு நேரே பந்துவீசி இடப்புறத்தில் களத்தடுப்பாளரை நிறுத்துவது திட்டம். அடிலெயிட்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட பின்னரும் திட்டம் கைவிடப்படவில்லை. அடுத்த போட்டியில், மெல்பேணில், அஸ்வினின் பந்தை இடப்புறம் திருப்பிய ஸ்மித், அங்கு நின்ற புஜாராவிடம் பிடிகொடுத்து ஓட்டமின்றி வெளியேறினார். அவுஸ்திரேலியா 195 ஓட்டங்களுடன் அடங்கிற்று.

பிரிஸ்பேனிலோ பும்ரா, அஸ்வின், சமி ஆகியோரெல்லாம் காயத்தால் இல்லை. வலைப் பயிற்சிக்கெனச் சென்ற சேலத்து நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் அங்கேயே ரெஸ்ற் அரங்கேறினர். இருவரும் முதல் இன்னிங்ஸில் மும்மூன்று விக்கெற்றுகளைக் கைப்பற்ற, இரண்டாவதில் சிராஜ் ஐந்தைக் கைப்பற்றினார். 1988இன் பின் அவுஸ்திரேலியா தோல்வியறியாத அம்மைதானத்தில் 2021 சனவரி 19ஆம் நாள் இந்தியா 3 விக்கெற்றுகளால் வென்றது. புள்ளியட்டையில் அருணின் பெயருக்கு இடமில்லை.

அவ்வாண்டு நவம்பரில் சாஸ்திரி விலக, அவரும் விலகினார். பின்னர் கொல்கத்தா அணிக்குச் சென்றார். 2024இல் அவ்வணி ஐ.பி.எல். கிண்ணத்தை வென்றது.