சறுக்கும் ஈயும் சங்கு குளிப்பும்

நெய்தல் நிலத்தில் நின்றுகொண்டு குறிஞ்சி நிலத்து மீனைப் பற்றிப் பேசுவது திணைமயக்கமாகத் தோன்றலாம். ஆயினும் மாணவர்களுடன் கீழவைப்பார் சென்றிருந்தபோதுதான் இப்பேச்சு தொடங்கிற்று. இறகால் ஈ கட்டி ட்ரவுட் மீன் பிடிக்கும் வெள்ளையரின் கலையைப் பற்றி அந்நாட்களில் படித்துக்கொண்டிருந்தோம். கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அதை விவரித்தோம். பொறுமையாகக் கேட்டவர், "வயித்துக்கு இல்லாம வெளையாட்டுக்கா சார் மீன் புடிச்சாவ?" என்றார். அக்கேள்வி நம்மை விடவில்லை.

முதலில் அந்தக் கலை. சிறிய தூண்டில் முள்ளில் சேவலின் விறைத்த கழுத்திறகைச் சுற்றிக் கட்டினால் அது நீரில் மூழ்காமல் மிதக்கும். 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் ஹால்ஃபோர்டின் வழியினருக்கு, ஈ நீரோட்டத்தின் போக்கிலேயே செல்ல வேண்டும். கயிறு அதை இழுத்துவிட்டால் பிழை. அந்தப் பிழையையே உத்தியாக்கியது சறுக்கும் ஈ. 1930களில் அமெரிக்கரான எட்வர்ட் ஹெவிட் நீண்ட இறகுகளால் அகன்ற ஈயைக் கட்டி, கோல் நுனியை உயர்த்தி இழுத்தார். இறகு நுனிகளில் நின்றபடி அது நீர்மேல் சறுக்கும். முட்டையிடத் தாழும் பூச்சியென எண்ணி மீன் துள்ளிப் பாயும். வள்ளுவர் சூதில் பெறும் வெற்றிக்குத் தூண்டில் விழுங்கும் மீனை உவமையாக்கினார். இங்கோ தூண்டிலில் இரைகூட இல்லை. இரையின் சாயல் மட்டுமே உண்டு.

இக்கலைக்கும் நம் மண்ணுக்கும் இறகு வழியாகவே ஓர் உறவு உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல் மஞ்சள் புள்ளிகள் மின்னும். மிதக்கும் ஈக்களுக்கு அன்று, மூழ்கும் பகட்டு ஈக்களுக்கு அவ்விறகை ஆங்கிலேயர் பெரிதும் விரும்பினர். நம் மலையிலிருந்து இறகு அங்கே போயிற்று. அங்கிருந்து மீன் நம் மலைக்கு வந்தது.

வந்த வழி எளிதன்று. 1863இல் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே, ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னர் வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் பொறுப்பில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரவுட் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வேரூன்றியது.

வில்சன் பணிபுரிந்தது சென்னை மாகாண அரசுக்கு. அவ்வரசு 1907இல் பிரடெரிக் நிக்கல்சனின் தலைமையில் தொடங்கிய மீன்துறைதான், ஜேம்ஸ் ஹார்னெல் வழியாகத் தூத்துக்குடியின் முத்துப் பார்களையும் சங்குப் பார்களையும் மேற்பார்த்தது. முத்துக்குளித்துறையின் பழைய துறைகளுள் ஒன்றான வைப்பாறும் இக்கடலைச் சேர்ந்ததே. இங்கே சங்கு அன்று அரசின் தனியுரிமையாக இருந்தது. மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கைக் குளியாளி விருப்பம்போல் விற்க முடியவில்லை. அரசு குறித்த கூலிக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. வங்கத்து வளையலாக மாறிய அச்சங்கின் ஆதாயம் கருவூலத்துக்கு.

நிக்கல்சனின் நோக்கில் எளியோர்க்கு உணவு என்பதே முதன்மையாக இருந்தது. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் ஒரே அரசு, கடலில் உழைத்தவனிடம் சங்கைக் கேட்டுப் பெற்றது; மலையில் பொழுதுபோக்க வந்தவனுக்கு மீனையே வளர்த்துத் தந்தது. ஈ கட்டும் கலையின் நுட்பத்தை நாம் இன்றும் வியக்கிறோம். அந்த வியப்பு இந்தக் கணக்கை மறக்கச் செய்யலாகாது.

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ட்ரவுட்டோ நீலகிரி நீரில் நிலைத்துவிட்டது. விளையாட்டுக்கா என்று கேட்ட அண்ணாச்சிக்கு நாம் தரக்கூடிய விடை இதுதான்: ஆம், விளையாட்டுக்குத்தான், ஆனால் அந்த விளையாட்டுக்கும் உங்கள் முன்னோர் எடுத்த சங்குக்கும் கணக்கு எழுதியது ஒரே அரசு.