இறங்கி நட: சைக்கிள், பஸ், கார் பற்றிச் சில குறிப்புகள்

போன வருஷம் சென்னையில் ஒரு கூட்டம். சுற்றுச்சூழல் நண்பர்கள் நடத்தியது. ஜனங்கள் காரை விட்டுவிட்டுச் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் திரும்ப முடியுமா என்பது விவாதம். பேசியவர்களில் பாதிப்பேர் காரில் வந்தவர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது. தேநீர் இடைவேளையில் ஒருவர் என் தோளில் கை வைத்து, "என்ன தோழர், நம்மால சைக்கிளுக்கு இறங்கி வர முடியாதா?" என்று கேட்டார். நல்ல மனிதர். ஆனால் அந்த 'இறங்கி' எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. எங்க அய்யாவுக்குச் சைக்கிள் என்பது ஏறுகிற விஷயம். இறங்கு என்று சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

அதை அங்கேயே சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்க அய்யா ரோட்டுக் கூலி. ஜல்லி உடைப்பது, தார் காய்ச்சுவது, உருளைக்கு முன்னால் மண் தள்ளுவது. மதுரைக்குத் தெற்கே எங்க பக்கத்து ரோடுகளில் அவர் கை படாத மைல் குறைவு. வேலை நடக்கிற இடம் எட்டு மைல், பத்து மைல் தள்ளிப் போகப் போக, 1971ல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். அம்மாவின் தோடு போனது. சைக்கிள் வந்த அன்றைக்கு எங்க தெருவே கூடிப் பெல்லை அடித்துப் பார்த்ததாம்.

எங்க தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டணும். பிள்ளையார் கோவிலிலிருந்து மந்தை வரைக்கும் ஒரு முன்னூறு அடி இருக்கும். அந்த முன்னூறு அடியும் எங்க ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கணும், துண்டை இடுப்பில் கட்டணும். சைக்கிள் இருந்தால் இறங்கித் தள்ளணும். செருப்பு ஒரு கையில், ஹேண்டில் பார் ஒரு கையில். பார்த்தால் யாரோ திருட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் என்பார் அய்யா. அந்த முன்னூறு அடிக்குத் தார் போட்டதும் அவர்தான்.

ஒருநாள் ராத்திரி மழை. யாரும் இல்லை என்று நினைத்து ஏறி மிதித்துவிட்டார். மறுநாள் மந்தையில் கூப்பிட்டு வைத்து 25 ரூபாய் தண்டம் போட்டார்கள். முன்சக்கர ரிம்மைக் கல்லில் வைத்து வளைத்தார்கள். அய்யா தண்டத்தைக் கட்டினார், ரிம்மை மாற்றினார். அதற்கப்புறம் கம்மாய்க்கரை வழியாகச் சுத்திப் போக ஆரம்பித்தார். முள்ளுப் பாதை, வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். "இறங்குறதுக்குப் பஞ்சரே மேல்" என்பார்.

இது எங்க ஊர் வழக்கம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1930, 31ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் நம் மக்களுக்குப் போட்ட தடைகளை ஹட்டன் தன் புத்தகத்தில் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார். முதலில் எட்டு, அதற்கு மக்கள் சரியாகக் கட்டுப்படவில்லை என்று அப்புறம் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்று, கல்யாண ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவைக் கழற்றித்தான் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் பயன்படுத்தக் கூடாது என்பது. எந்த வாகனமும். பெட்ரோலைப் பற்றியோ புகையைப் பற்றியோ யாரும் கவலைப்படாத காலத்திலேயே எங்களுக்கு வாகன விலக்கு இருந்தது. கதவைக் கழற்றிக்கொண்டு போன வீட்டில் அந்த ராத்திரி நாய் புகாமல் யார் காவல் இருந்தார்கள் என்பதையும் ஹட்டன் கேட்டு எழுதியிருக்கலாம்.

இதற்கெல்லாம் முந்தியே, 1893ல், திருவிதாங்கூர் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டி கட்டித் தலைப்பாகை வைத்துக்கொண்டு, தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டினார். வண்டி ஓட்டினதே போராட்டம். 1901ல் மசூர் ரயில் நிலையத்தில், நல்ல சட்டையும் தொப்பியும் போட்ட சின்னப் பையனாக அம்பேத்கர் அண்ணனோடும் அக்கா மகன்களோடும் நிற்கிறார். மகர் என்று தெரிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் ரெட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பையன்களே ஓட்ட, வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து கூடவே நடந்து வந்தான். 1929ல் அவர் பாரிஸ்டர், பேராசிரியர். சாலிஸ்காவில் எந்தக் குதிரைவண்டிக்காரனும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. தலைவரை நடக்க விடக்கூடாது என்று மகர்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் சக்கரம் சிக்கி அவர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதி வைத்த சின்னப் புத்தகத்தில் இந்த ரெண்டும் இருக்கிறது. போக்குவரத்து பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் அதைப் போக்குவரத்துப் புத்தகமாகவும் படிக்கலாம்.

பஸ் கதை இன்னொரு விதம்.

1924ல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்துதான், பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. நடப்பதற்கே அந்தப் பாடு. ரோட்டில் மோட்டார் பஸ் வந்தபோது பஸ் முதலாளிகள் நம்மை ஏற்றவில்லை. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அவர் நாடார். கோவிலுக்குள் நுழைந்ததற்காகக் கமுதியில் கோர்ட்டு வரைக்கும் இழுக்கப்பட்ட சாதி. அந்த வடு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படி ஞாபகம் இருப்பதில்லை.

உத்தரவு வந்தாலும் தனியார் பஸ்ஸில் பின்னால் நின்றுதான் தாத்தா காலம் போச்சு. 1972ல் பஸ்கள் அரசுடைமையாகி பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் வந்தன. எங்க ஊருக்கு அரசு பஸ் வந்தது 1974ல். அய்யா முதல் தடவை சீட்டில் உட்கார்ந்ததை அம்மா இப்போதும் சொல்லிச் சிரிக்கும். பக்கத்தில் ஊர்க்காரர் ஒருத்தர். "எந்திரிடா"ன்னு அவர் சொல்ல, கண்டக்டர் வெளியூர் ஆளு, "டிக்கெட் வாங்கியிருக்காருல்ல, உட்காரட்டும்யா"ன்னு விசிலை ஊதிட்டார். ஊர்க்காரர் பார்த்தார், தானே எழுந்துகொண்டார். மதுரை வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாராம். அய்யா உட்கார்ந்துகொண்டே போனார். முதுகு முழுக்க வேர்வை என்பார், பயத்தில்.

அந்தக் கண்டக்டர் யார், என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது. அவர் 'காருல்ல' என்று மரியாதை போட்டதை மட்டும் அம்மா அழுத்திச் சொல்லும்.

ராஜாக்கள் பேரில் பஸ் ஓடியபோது யாருக்கும் கோபம் வரவில்லை. 1997ல் விருதுநகர் மாவட்டத்துக்கென்று அமைத்த கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி என்று போற்றப்படுகிற வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ் எரிந்தது, கலவரம் பரவியது. கடைசியில் ஜூலையில், எல்லா மாவட்டத்துக்கும் எல்லாக் கழகத்துக்கும் இருந்த தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது அரசு. சேரனும் சோழனும் போனார்கள். ஒரு தலித் பேரைத் தாங்க முடியாமல் மூவேந்தரையே இறக்கிவிட்ட நாடு இது. அதே நாட்களில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். பஸ்ஸில்தான். பஸ்ஸை மறித்தார்கள். அவரையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். அவர் தலையை வெட்டிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். அவரிடம் ஒரு கார் இருந்திருந்தால் என்று எங்க பக்கத்தில் அப்போது பேசாத வீடு இல்லை. பொதுப் போக்குவரத்து பத்திரமானது என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியபோது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

இதனால் நான் கார் பக்கம் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

கறுப்பர்களின் கதை ஒன்று எல்லாருக்கும் தெரியும். 1955 டிசம்பரில் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் சீட்டிலிருந்து எழ மறுத்தார், 381 நாள் பஸ் புறக்கணிப்பு நடந்தது. அந்த 381 நாளும் ஜனங்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. நிறையப் பேர் நடந்தார்கள். மீதிப் பேர் காரில் போனார்கள். கார் வைத்திருந்த கறுப்பர்கள் முந்நூறு கார் வரைக்கும் கொண்டுவந்து, இடம் குறித்து, நேரம் குறித்து, ஆளை ஏற்றி இறக்கினார்கள். சர்ச்சுகள் தங்கள் பேரில் பெரிய வண்டிகள் வாங்கி விட்டன. அதிகாரிகள் அந்தக் கார்களைத்தான் குறிவைத்தார்கள். இன்சூரன்ஸை ரத்து செய்ய வைத்தார்கள், கோர்ட்டில் தடை வாங்கினார்கள். அங்கே விடுதலைக்குப் போகிற பாதை, பஸ்ஸை விட்டுக் காருக்கு மாறியதில் இருந்தது. ஆனால் அது தனித்தனி கார் இல்லை. முந்நூறு காரை வைத்து அவர்கள் ஓட்டினது ஒரு பஸ் சர்வீஸ். ஜெயித்த பிறகு பஸ்ஸுக்கே திரும்பினார்கள், வேண்டிய சீட்டில் உட்கார.

கூட்டத்தில் ஹாலந்தைக் காட்டினார்கள். அங்கேயும் யாரும் உபதேசம் கேட்டுச் சைக்கிள் ஏறவில்லை. 1971ல் மட்டும் ரோட்டில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், நானூறுக்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை வந்தது. காலி ரோடு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் பார்த்தார்கள். ரோடு யாருக்கு என்ற சண்டை அது. அந்தச் சண்டை நமக்குப் புதுசில்லை.

நம் நாட்டில் நூறு வீட்டுக்குச் சுமார் எட்டு வீட்டில்தான் கார் இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பாதி வீட்டில் சைக்கிள். ஆக, காரை விடுவார்களா என்ற கேள்வி அந்த எட்டு வீட்டுக்கானது. அவர்கள் லேசில் விட மாட்டார்கள். பெட்ரோலுக்காக இல்லை. பஸ்ஸில் ஏறினால் யார் பக்கத்தில் உட்கார்வது என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. தோள் இடிக்கும், வேர்வை ஒட்டும். கண்ணாடியை ஏற்றிவிட்ட கார், டீக்கடையில் நமக்கு வைத்த தனிக்குவளையைத் திருப்பிப்போட்ட மாதிரி. அங்கே ஒதுக்கினார்கள், இங்கே ஒதுங்கிக்கொள்கிறார்கள். கார் வாங்கின நம் ஆட்களும் கண்ணாடியை ஏற்றுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லணும். புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். 1991, 92ல் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்தை ஒட்டிய கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே. எங்க அக்கா கல் குவாரியில் வேலை. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பழகியது. "ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும், இறங்கத்தான் தெரியாது, எதுலயாவது போய்ச் சாஞ்சுக்குவேன்" என்று சொல்லும். அந்த ஊரிலும் தெருவில் இறங்கித் தள்ளுகிற வழக்கம் இருந்ததுதான். ஒருநாள் காலையில் இருபது பொம்பளைகள் வரிசையாய்ப் பெல் அடித்துக்கொண்டு போனார்கள். அதில் எங்க தெரு பாதி, மற்ற தெரு பாதி. யாரை இறங்கச் சொல்ல? "நாங்க மறந்துட்டோம், அவங்களும் மறந்துட்டாங்க போல" என்றது அக்கா. மறக்கவில்லை, எண்ணிக்கையைப் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது, பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மா இப்போது ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் காசில்லாமல் போய்வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் பஸ் ஊர் ஸ்டாப்பில் நிற்கும், காலனி ஸ்டாப்பில் கையைக் காட்டினாலும் சில நாள் நிற்காது. அன்றைக்கு ஊர் ஸ்டாப் வரைக்கும் நடக்கணும். அந்த முன்னூறு அடி. இப்போது செருப்போடு நடக்கிறது அம்மா. ஏறியதும் "ஓசி கிராக்கிகளா, உள்ள போங்க" என்று கேட்டும் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்று குடும்பம் புகார் கொடுத்தது. அவரிடம் போய் வண்டியை விட்டு பஸ்ஸில் போ தம்பி, பூமி சூடாகிறது என்று எந்த வாயால் சொல்வது?

எனக்கு பஸ் பிடிக்கும். இந்த நாட்டில் காசு கொடுத்தவனும் கொடுக்காதவளும் ஒரே சீட்டில் உட்காருகிற இடம் வேறு அதிகம் இல்லை. அந்த நண்பரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, நீங்கள் காரை விடுவது இருக்கட்டும், முதலில் காலனி ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்கு எங்களோடு வந்து நில்லுங்கள் என்பதுதான்.

அக்கா மகன் திருச்சி ரோட்டில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். போன மாசம் போன் பண்ணினான். பைக்குக்கு லோன் போட்டிருக்கிறானாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்குடா என்று மட்டும் கேட்டேன்.

"காலையில ஆறே முக்காலுக்கு ஒண்ணு மாமா. அதை விட்டா பதினொண்ணு. எனக்கு ஷிப்டு எட்டு மணிக்கு. ஆறே முக்கால் பஸ்ஸு நின்னா போயிருவேன்" என்றான்.