ஒரு சொல்லுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய்

இன்றைக்குக் கொஞ்சம் சட்டசபைக் கதை. அரசியல் என்று பயந்து ஓட வேண்டாம். இதில் கட்சியைவிடக் காகிதம்தான் அதிகம்.

முதலில் என் பிழைப்பைப் பற்றி இரண்டு வரி. செக்கில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒத்துப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பி.காம் வகுப்பில் கேட்பார்கள். எழுத்தால் எழுதியதே செல்லும் என்று சட்டம் சொல்கிறது. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் உண்டு. வங்கியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் சொல்லிக் கொடுத்தது வேறு: "தம்பி, யோசிக்காதே, திருப்பி அனுப்பிடு." ஒரு சொல் குறைந்தால் போதும், பின்னால் எவ்வளவு பணம் இருந்தாலும் அது வெறும் காகிதம். இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், முதலில் ஊரில், இப்போது மஸ்கட்டில்.

இந்த உத்தியோக புத்தியால்தானோ என்னவோ, 2021 மே மாதம் கேரள சட்டசபையில் நடந்த ஒரு சின்ன விஷயம் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. பத்திரிகைகளில் இரண்டு நாள் துணுக்குச் செய்தியாக வந்து போனதுதான். ஆனால் எங்களுக்கு அது துணுக்கு இல்லை.

எங்களுக்கு என்றால் யாருக்கு? நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. இந்தப் பக்கம் பொள்ளாச்சி கூப்பிடு தூரம். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். அம்மாவின் தம்பி, என் மாமா, மூணாறில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட லீவு விட்டால் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மாமா வீட்டுக்குப் போவோம். லயத்து வீடு, காலையில் கொழுந்து கிள்ளப் போகும் அத்தை, சாயங்காலம் கம்பளிக்குள் கதை. ஆக, கேரளத்தின் இரண்டு தமிழ் ஓரங்களும் எனக்கு ஊர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புது சட்டசபை கூடினால் முதல் வேலை பதவிப் பிரமாணம். சபையிலேயே சலிப்பான நாள் அதுதான். தற்காலிக சபாநாயகர் நாற்காலியில் இருப்பார். அகர வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். உறுப்பினர் எழுந்து போய், கையில் கொடுத்த காகிதத்தைப் படித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். 140 பேரும் ஒரே வாசகத்தைப் படிப்பதைக் கேட்பது சுவாரசியமா என்ன?

2021 மே 24-ஆம் தேதி அப்படி ஒரு நாள். பி.டி.ஏ. ரஹீம் தற்காலிக சபாநாயகர். பெரும்பாலானவர்கள் மலையாளத்தில் படித்தார்கள். மஞ்சேஸ்வரம் உறுப்பினர் அஷ்ரப் கன்னடத்தில் படித்தார். தேவிகுளம் உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் படித்தார். மூணாறு தேவிகுளம் தொகுதிக்குள்தான் வருகிறது. படித்தார், உட்கார்ந்தார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பிறகுதான் கவனித்தார்கள். அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இந்தப் பிரமாண வாசகம் இருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். கடவுள் வேண்டாம் என்றால் உளமார உறுதி கூறலாம். இரண்டில் ஒன்று கண்டிப்பாக வேண்டும். ராஜா படித்ததில் இரண்டுமே இல்லை! அவர் எதையும் முழுங்கவில்லை. கையில் கொடுத்த தமிழ்க் காகிதத்திலேயே அது இல்லை. சட்டத்துறை செய்து கொடுத்த மொழிபெயர்ப்பில் விட்டுப் போயிருந்தது.

எங்கள் பாஷையில் சொன்னால், செக்கில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, 'செலுத்துக' என்ற சொல்லைக் காணோம்.

ஜூன் 2-ஆம் தேதி சபாநாயகர் எம்.பி. ராஜேஷ் முன்னிலையில் ராஜா மறுபடியும் பிரமாணம் எடுத்தார். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அரசியல் சட்டத்தில் 193 என்று ஒரு பிரிவு இருக்கிறது. முறையாகப் பிரமாணம் எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம், அதை மாநிலத்துக்கு வரவேண்டிய கடனாக வசூலிக்க வேண்டும். எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஐந்து நாள் உட்கார்ந்ததற்கு 2,500 ரூபாய் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. (1950-இலிருந்து அந்த 500 மாறவே இல்லை. அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு எங்கள் வங்கியில் லாக்கர் சாவி தொலைத்தால்கூட அதைவிட அதிகம் கேட்போம்!)

இதற்கு நடுவில், மே 25 சபாநாயகர் தேர்தலில் அவர் போட்ட ஓட்டு செல்லுமா என்றும் ஒரு கேள்வி. 96-க்கு 40 என்று ஜெயித்த தேர்தல், ஒரு ஓட்டில் ஒன்றும் கெட்டுவிடாது. தவிர, தகுதியில்லாத ஒருவர் உட்கார்ந்தோ ஓட்டுப் போட்டோ இருந்தாலும் சபை நடவடிக்கை செல்லும் என்று 189-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்க் காகிதத்தை யார் சரிபார்ப்பது என்பதைத் தவிர.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்த வாசகத்துக்குத் தமிழ் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. பதினேழு நாள் முன்னால், மே 7-ஆம் தேதி, மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றதை டிவியில் உலகமே பார்த்தது. 'உளமார' என்ற சொல் அன்றைக்குத் தமிழ்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ஒரு போன். அவ்வளவுதான் செலவு.

சரி, எழுதியவர் விட்டார், படித்தவர் கட்டினார். இதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் தேவிகுளத்தின் பழைய கணக்கைப் புரட்டினால் இந்தக் காகிதக் கண்டம் அதற்குப் புதிதே இல்லை என்று தெரிகிறது.

1957 ஏப்ரல். கேரள மாநிலத்தின் முதல் சட்டசபை. அதில் முதன்முதலாகப் பிரமாணம் எடுத்தவர் யார்? தேவிகுளம் உறுப்பினர் ரோசம்மா புன்னூஸ். தற்காலிக சபாநாயகரும் அவர்தான், அதனால் முதல் ஆள். காஞ்சிரப்பள்ளிக்காரர், கம்யூனிஸ்ட். ஆனால் அவர் தேர்தல் வழக்கில் மாட்டிக்கொண்டது. எதிர்த்துப் போட்டியிட வந்தவரின் வேட்புமனுவைத் தவறாக நிராகரித்துவிட்டார்கள் என்று தேர்தல் செல்லாமல் போனது. முதலில் பிரமாணம் எடுத்தவரே நீதிமன்றத்தால் பதவி இழந்த முதல் உறுப்பினரும் ஆனார். அன்றைக்கும் ஒரு காகிதம்தான்.

1958-இல் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். அரசுக்கு 126-இல் 60 இடம், கூட ஐந்து சுயேச்சைகள். அதனால் ஒவ்வொரு இடமும் உயிர். மலையில் ஓட்டுப் போடுகிறவர்கள் தமிழர்கள். அவர்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன், நம்ம இளையராஜாவின் அண்ணன், மலையேறிப் போய்ப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். மாமா சின்னப் பிள்ளையாக அந்தப் பாட்டுக் கச்சேரி பார்த்ததாகச் சொல்வார். "மாப்ளே, ஓட்டுக் கேக்க வந்தப்பதான் நம்ம பாசையில பாடுனாய்ங்க. ஜெயிச்சப்புறம் எல்லாம் மலையாளம்தான்" என்று சிரிப்பார்.

(இன்னொரு தகவல். அந்த ரோசம்மா நூறு வயது கடந்து, 2013 டிசம்பரில், நான் இப்போது பிழைக்கும் இதே ஓமனில்தான் காலமானார். செய்தியைப் படித்தபோது ஏதோ சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது.)

தமிழர் ஓட்டுப் போடும் ஊர் கேரளத்துக்குள் எப்படி வந்தது என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12 இடம் கிடைத்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று அந்த வருடம் பெரிய போராட்டம். ஆகஸ்ட் 11-இல் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு. 1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம் வந்து 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டமானது. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. மலைத் தோட்டமும் மின்சாரமும் கேரளத்துக்குத் தேவை என்று ஒரு காரணம். தமிழ்த் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள்தானே என்பது இன்னொரு காரணம்.

அந்த 'வந்து போகிறவர்கள்' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவிகுளம் தனித்தொகுதி. 2023 மார்ச் 20-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் ராஜாவின் தேர்தலை ரத்து செய்தது. 7,848 ஓட்டில் தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் போட்ட வழக்கு. ராஜாவின் குடும்பம் கிறிஸ்தவம் தழுவியது, அவர் பட்டியல் சாதி இடத்தில் நிற்க முடியாது என்பது வாதம். கூடவே இன்னொரு கேள்வி. பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்டது. சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து மூணாறுக்கு எப்போது வந்தார்கள்?

உச்ச நீதிமன்றம் முதலில் இடைக்காலமாக ஒன்று சொன்னது: சபையில் உட்காரலாம், ஓட்டுப் போடக் கூடாது, படிகள் வாங்கக் கூடாது. பிறகு 2025 மே 6-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, தேர்தல் செல்லும் என்றது. ஐந்து வருடப் பதவிக்கு நான்கு வருடம் கழித்து ரசீது.

ராஜா எந்தக் கட்சி, நல்ல உறுப்பினரா என்பதெல்லாம் என் கணக்கில் இல்லை. தொகுதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கண்ணில் பட்டது அந்தக் கேள்விதான். 1955-இல் 'நீங்கள் வந்து போகிறவர்கள்' என்றார்கள். எழுபது வருடம் கழித்து 'எப்போது வந்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். போகவே இல்லையே, அய்யா!

எம்.எல்.ஏ.வுக்கு வக்கீல் இருக்கிறார். லயத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? மாமா மகள் பிளஸ் டூ முடித்தபோது சாதிச் சான்றிதழுக்கு ஒரு ஆபீசில் விண்ணப்பம் போட்டாள். 1950-க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். எஸ்டேட்டில் தாத்தா பெயருக்குப் பட்டாவா இருக்கும்? லயம் கம்பெனிக்குச் சொந்தம். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பழைய சம்பளப் பேரேட்டில் தாத்தா பெயரைத் தேடிக் கண்டுபிடித்து மாமா கொண்டுபோய்க் கொடுத்தபோது அட்மிஷன் முடிந்திருந்தது. அவள் அடுத்த வருடம் வேறு கோர்ஸில் சேர்ந்தாள். பொது இடத்தில், முழு ஃபீஸ் கட்டி.

பாட்டுக்கும் ஓட்டுக்கும் மட்டும் இல்லாமல் ஆபீசிலும் தமிழ் வேண்டும் என்று சட்டத்தில் இல்லையா? இருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ஆம் வருடத்தது. அதன்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீசுகளுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரசியல் சட்டத்தின் 210-ஆம் பிரிவில், சபையின் மொழி சரியாக வராத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. குறையே சொல்ல முடியாத சட்டங்கள். ஆனால் கொழிஞ்சாம்பாறையில் அப்பா தமிழில் மனுக் கொடுத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. "இதை மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்றார்கள், மரியாதையாகத்தான். அதன் பிறகு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காசு கொடுத்து மலையாளத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். உரிமையைப் பிடுங்கியவர் யாரும் இல்லை. அதற்கான படிவத்தை யாரும் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த 2,500 ரூபாயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசு ஆபீசில் ஒருவர் தமிழைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பிய காகிதம். அதற்குத் தமிழில் படித்தவர் பணம் கட்டினார். மலையாளத்தில் படித்திருந்தால் ஒரு பைசா செலவில்லை. தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் எங்கள் ஊரில் ஏதோ ஒரு கவுண்டரில் இந்த அபராதத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அலைச்சலாக, தாமதமாக, தவறிப்போன அட்மிஷனாக. ரசீதுதான் கிடையாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் புதைந்து போனார்கள். செத்தவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள், தமிழ் பேசிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்காகச் சபையில் எழுந்து பேச ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலின் முதல் வாக்கியமாவது முழுசாக இருக்க வேண்டாமா?

மாமாவிடம் போனில் இந்த அபராதக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏன் மாப்ளே, அந்தக் காகிதத்தை எழுதினவருக்கு எவ்வளவு அபராதம் போட்டாங்க?"

பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமா காத்திருக்கிறார்.