கிஹான்சிச் சாரல் தேரை

தோற்றம் 1996, மறைவு 2009. தோற்றம் என்றால் மனிதர் கண்ணில் பட்ட ஆண்டு. அது அந்த மலையில் எத்தனை காலம் வாழ்ந்ததோ, அதெல்லாம் கணக்கில் இல்லை. மறைவு என்றால், இயற்கையில் இனி இல்லை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கைவிரித்த ஆண்டு.

தான்சானியாவின் உட்சுங்வா மலைச்சரிவில், கிஹான்சி ஆறு விழும் பள்ளத்தாக்குதான் அதன் பிறந்தகம். அருவி பாறையில் மோதித் தெறித்த சாரலில் இரவும் பகலும் நனைந்து கிடந்த புல்லும் பாசியும். மொத்தமே சுமார் ஐந்து ஏக்கர். பலருடைய தென்னந்தோப்பு அதைவிடப் பெரிது. உலகில் வேறெங்கும் அது இல்லை.

கடுகு மஞ்சள் நிறம். வளர்ந்த பெண் தேரையே மூன்று சென்டிமீட்டரை எட்டாது. முட்டை, தலைப்பிரட்டை என்ற வழக்கமான பாதை அதற்கில்லை, குட்டி போட்டது. சினைத் தேரையின் மெல்லிய வயிற்றுத் தோல் வழியே உள்ளிருக்கும் குட்டிகள் தெரியும்.

அதைக் கண்டுபிடித்தது அந்த ஆற்றில் கட்டிய அணைக்காக நடந்த சூழல் ஆய்வு. அதற்குள் கட்டுமானமே தொடங்கிவிட்டிருந்தது. உலக வங்கியும் கடன் கொடுத்த 180 மெகாவாட் மின்நிலையம் 2000ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியபோது, ஆற்றுநீரில் பத்தில் ஒன்பது பங்கு சுரங்கத்துக்குள் திரும்பியது. சாரல் நின்றது. மின்சாரம் கேட்ட ஏழை நாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் அணை, பிறகு ஆய்வு என்ற அந்த வரிசையைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிறகு குழாய் போட்டுச் செயற்கையாகச் சாரல் தூவினார்கள். பலன் இருந்தது, 2003 நடுவில் ஏறக்குறைய 20,000 தேரைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. 2004 ஜனவரியில் கண்ணில் பட்டவை மூன்று. தவளை இனங்களை உலகெங்கும் அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை மீதுதான் பெரிய சந்தேகம். 2003இல் அணையின் வண்டலைத் திறந்துவிட்டதில் மேட்டு வயல்களின் பூச்சிமருந்தும் கலந்து வந்தது என்பவர்களும் உண்டு.

சாரல் நின்ற 2000ஆம் ஆண்டிலேயே 499 தேரைகளை நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அங்கும் பெரும்பாலானவை செத்தன. தப்பியவற்றின் வழிவந்த நூறு தேரைகள் 2010இல் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. 2012இல் பள்ளத்தாக்கில் விடவும் தொடங்கினார்கள்.

வம்சம் இருக்கும்போது இரங்கல் எதற்கு என்று கேட்கலாம். யாரும் குழாய் திறக்காமலே நனைந்திருந்த தேரைக்குத்தான் இது. இப்போது விடப்படுபவை வாழவேண்டுமென்றால், தூவிகளைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் வேண்டும், மின்நிலையம் கொஞ்சம் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும்.