நூற்றுப் பன்னிரண்டடிக் காகிதம்

"இன்னாம்மா இது, ரேசன் கார்டுக்கா?"

"இல்ல ஆயா. நம்ம ஜனங்களுக்காக. ஐ.நா. சபைக்குப் போவுது."

"அது எங்க கீது?"

"அமெரிக்காவுல."

"அம்மாந்தூரம் போறதுக்கு என் பெருவெரலு எதுக்கும்மா? இங்க கீறவனே நம்ம பேச்சக் கேக்க மாட்டறான்."

1999-இல் திருவொற்றியூர் டோல்கேட் பக்கத்துக் குடிசைப் பகுதி ஒன்றில் என் அத்தைக்கும் ஒரு ஆயாவுக்கும் நடந்த பேச்சு இது. அத்தை அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் கையில் அட்டை, ஊதா மைப்பெட்டி, கட்டுக்கட்டாய்ப் படிவம் என்று தெருத்தெருவாய்ப் போய்விடுவார். விரல் துடைக்கிற பழந்துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே போன ஒன்பது வயசுப் பையன் நான்.

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் விரலை நீட்டியது. "சரி, வச்சிக்க. என் வெரலாவது கப்பலேறட்டும்."

அந்தப் பேச்சு இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக எனக்குள் கிடக்கிறது. அந்த விரல் எங்கே போனது? அதற்கு முன்னால் நம் விரல்கள் எங்கெல்லாம் போயிருக்கின்றன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

1

1948 டிசம்பர் 10-இல் ஐ.நா. அவை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் ஐம்பதாம் ஆண்டு நாளான 1998 டிசம்பர் 10-இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் தொடங்கியது. நாடு முழுக்க லட்சக்கணக்கில் கையெழுத்துகள் வாங்கப்பட்டன. என் அத்தை தூக்கிக்கொண்டு அலைந்த படிவங்கள் அந்த இயக்கத்தினுடையவை.

அப்போதே ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. 'மனித உரிமை' என்பது வெளிநாட்டுப் பணத்தோடு இறக்குமதியான சரக்கு, தொண்டு நிறுவனங்கள் நம் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்த புது வார்த்தை என்றார்கள். தேசபக்தர்கள் மட்டுமல்ல, சில முற்போக்குத் தோழர்களும் இதைச் சொன்னார்கள். பணம் பற்றிய கேள்வி நியாயமானது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கடல் கடந்து முறையிடுவதை நமக்கு யாரோ கற்றுக்கொடுத்தார்கள் என்பது வரலாறு தெரியாத பேச்சு.

1893-க்குப் போவோம். ஐ.சி.எஸ். தேர்வு அதுவரை இங்கிலாந்தில் மட்டுமே நடந்துவந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டுவிட்டது. படித்த மேல்சாதி வட்டாரத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

அதே ஆண்டு அக்டோபர் 7-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ அதையே தலைப்பாக்கினார். டிசம்பர் 23-இல் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் பறையர் மகாஜன சபையின் கூட்டம் கூடியது. இந்தியாவில் தேர்வு நடத்தக் கூடாது என்று ஒரு விண்ணப்பம் தயாரானது. அதன் நீளம் 112 அடி. அதில் 3412 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். அடிக்கு முப்பது பேர் கணக்கு. ஜெனரல் செஸ்னி மூலம் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

இன்றைய தேசபக்தக் கண்ணுக்கு இது துரோகமாகத் தெரியலாம். வெள்ளைக்காரனிடம் போய் 'எங்க ஊர்க்காரனுக்குப் பதவி கொடுக்காதே' என்று கேட்டார்களே என்று நமக்கே கொஞ்சம் நெருடும். நெருடலை மறைக்க வேண்டியதில்லை, காரணத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூட வாசலில்கூட நம் பிள்ளைகளை ஏற்றாத காலம் அது. தேர்வு இங்கே நடந்தால் எழுதப்போவது யார், கலெக்டராய் வந்து உட்காரப்போவது யார் என்பது சேரியில் இருந்தவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'இந்தியர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எங்களையும் போட்டு மூடி, எங்கள் பெயரால் நீங்கள் பதவி வாங்காதீர்கள் என்பதுதான் அந்த 112 அடியின் சாரம். எங்களுக்காக நாங்களே பேசுவோம் என்பதை எழுத்தில், கையொப்பத்தோடு, கடலுக்கு அப்பால் சொன்னார்கள். ஐ.நா. பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால்!

சீனிவாசன் பெயர் இன்று நமக்குத் தெரியும். ஆனால் 3412 பேரிடம் தாளை நீட்டியது யார்? பகலில் கூலிக்குப் போய்விட்டு ராத்திரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு எந்தெந்தச் சேரிக்குப் போனார்கள்? அவர்களிடமும் ஏதோ ஒரு ஆயா 'அது எங்க கீது?' என்று கேட்டிருக்கும்தானே?

2

காகிதம் போவதற்கு முன்பே இந்தக் கரையிலிருந்து உடம்புகள் போயிருந்தன.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் அது. உள்ளே 342 பேர். அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும், கரையிலிருந்து மசூலா படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். பயணிகள் பட்டியலில் பெயர், வயசு, ஊரோடு சாதியையும் எழுதிவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கடலைத் தாண்டினால் சாதி போகும் என்று சாஸ்திரம் சொன்னது. நம் ஆட்களுக்கோ அது பட்டியலில் எழுதப்பட்டுக் கூடவே வந்தது.

1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு என்று நம் தாத்தன் பாட்டிகளின் ஊர்களிலிருந்து பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்திவிட்ட ஜனங்கள்.

இரட்டைமலை சீனிவாசனும் அங்கே போனார். 1900-இல் லண்டனுக்கே நேரில் போய் முறையிடலாம் என்று கிளம்பியவர் ஆப்பிரிக்காவில் தங்கும்படி ஆயிற்று. 1904 முதல் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான் என்று சொல்வார்கள். லண்டனில் போய்ப் பேச அவருக்கு முப்பது வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-இல் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்தார்.

ராயப்பேட்டையிலிருந்து 1907-இல் வெளிவரத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழும் கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் ஜனங்கள் போன இடமெல்லாம் போனது. காலணா, அரையணா சேர்த்து அதை வரவழைத்துப் படித்தவர்கள் கூலிகள். உலகம் தழுவிய தொடர்பு என்பது நமக்குக் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல.

3

ட்ரூரோ போய்ச் சேர்ந்த அதே டர்பனில் 2001 ஆகஸ்டு 31 முதல் செப்டம்பர் 8 வரை இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. இந்தியாவிலிருந்து இருநூறு பேர் அளவில் தலித்துகள் போனார்கள். சென்னையில் பிறந்த ரூத் மனோரமாவும் அவர்களில் ஒருவர். பிறப்பால் வரும் இழிவையும் மாநாட்டு அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. சாதி வேறு, இனம் வேறு, இது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. கடைசியில் அறிக்கையில் 'சாதி' என்ற சொல் இல்லை.

இதே இந்தியாதான் 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் படும் இழிவை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. அது உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்க அரசு சொன்னதை அன்று இந்தியா ஏற்கவில்லை. 1965-இல் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை எழுதப்பட்டபோது அதில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியப் பிரதிநிதிகளே. அடுத்தவன் வீட்டு நாற்றத்துக்கு உலகச் சட்டம், நம் வீட்டு நாற்றத்துக்கு ஊதுவத்தி!

அம்பேத்கர் இதை முன்னமே புரிந்துவைத்திருந்தார். 1946-இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு விண்ணப்பம் கொடுத்த செய்தியைப் படித்ததும், அதன் பிரதி வேண்டும் என்று டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்சும் பதில் போட்டார். யாருடைய காகிதத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அண்ணலுக்குத் தெரிந்திருந்தது.

டர்பனில் தோற்றுவிட்டோமா? 2002-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, 'வம்சாவளி' என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. 2008-இல் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக வந்தவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் பிறந்தவர், தமிழ்க் கூலிகளின் வழிவந்தவர், பஸ் டிரைவரின் மகள். அவருடைய ஏழை ஜனங்கள் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் சட்டம் படித்தார். சாதிச் சுவரை இடிக்க வேண்டும் என்று 2009-இல் எழுதினார். கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான இயக்கத்தை 2013-இல் பாராட்டி அறிக்கை விட்டார். இந்தக் கரையிலிருந்து எண் குத்தி அனுப்பப்பட்ட ஜனத்தின் வாரிசு, உலக நாற்காலியில் உட்கார்ந்து நம் சாக்கடையைப் பற்றிப் பேசினார்.

4

ஆனால் சாக்கடை அப்படியேதான் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். குழியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கு ரேட்டு ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை.

அத்தை அடிக்கடி ஒரு விசயம் சொல்வார். அந்த 1999-இலேயே அருந்ததியர் குடியிருப்பு ஒன்றுக்குப் படிவத்தோடு போயிருக்கிறார். துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா கேட்டதாம்: "உலகத்துக்கே லெட்டர் போடறீங்க. எங்க தெருவுக்கு இப்பத்தான வழி தெரிஞ்சுதா?" அத்தைக்குப் பதில் வரவில்லை. படிவத்தை மடக்கிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து வாங்குகிறவர்களுக்குள்ளும் மேலும் கீழும் உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் டர்பனைப் பற்றி எழுத நமக்கு யோக்கியதை கிடையாது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் கட்டடத்தின் முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் ஜனங்கள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். ஆகஸ்டு 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனது. அத்தைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஆனாலும் ரெண்டு நாள் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். "இன்னா அத்த, கையெழுத்து வாங்கினியா?" என்று கேட்டேன். "இல்லடா. அன்னிக்கு அந்தம்மா கேட்டுச்சே, அதுக்கு இப்பத்தான் பதில் சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

நாம் தலைவர்களின் வரலாற்றை எழுத ஆரம்பித்திருக்கிறோம். தாமதமாகவாவது நடக்கிறது, நல்லது. ஆனால் தாளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் வரலாற்றை யார் எழுதுவது? 1893-இல் அலைந்தவர்களை இனிக் கேட்க முடியாது. 1999-இல் அலைந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் தையல் மிஷின் மேலும் மீன்கூடைக்குப் பக்கத்திலும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்தால் போதும்.

முதல் பக்கத்தில் என் அத்தை பெயரைப் போட வேண்டாம். விரல் கொடுத்தாளே அந்த ஆயா, அவள் பெயர் என்ன என்று கேளுங்கள். அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது.